அரை அடி குறைந்த தரைச்சக்கரப் போர்வை

1

ஆடிப் பதினெட்டு. சிவகாசியில் புது வருடக் காலண்டர் ஆல்பங்களுக்குப் பூஜை போட்டு, சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள். அதே நேரத்தில் நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிற்றூரில், தூறலில், கைலியோடு குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த ஊரில் எந்த வாரம் பச்சைத் தொட்டி, எந்த வாரம் நீலத் தொட்டி என்று நகராட்சி ஒரு காலண்டரே அச்சடித்துத் தருகிறது. மோசமான கட்டிங். ஓரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். மனிதர்களுக்குத் தேதி தெரியும், எனக்குச் சாய்வு தெரியும். சிவகாசி அச்சகம் ஒன்றில் பேப்பர் வெட்டும் மெஷினில் நின்று பாதி வாலிபத்தைத் தொலைத்தவன் வேறெதைப் பார்ப்பான்?

மாடி ஜன்னல் திறந்தது. மகள் காவியா.

"அப்பா! உள்ள வா. அந்தக் கைலியோட ரோட்ல நிக்காத. பக்கத்து வீட்டுக்காரங்க பாக்குறாங்க."

பக்கத்து வீட்டுக்காரர் அரை டிராயரோடு நின்று எனக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய முழங்காலைப் பார்க்க யாருக்கும் கூச்சமில்லை. என் கணுக்கால் தெரிந்தால்தான் மானம் போகிறது.

அந்த நேரம் பார்த்து நாரணாபுரத்திலிருந்து அண்ணன் மனைவி, பாண்டிச்செல்வி மதினி, போன் செய்தார்.

"கொழுந்தனாரே, என்ன செய்றீக?"

"குப்பை கொட்டுறேன் மதினி."

"அங்க போயும் அதேதானா?"

மதினிக்கு வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின் இருக்கிறது. தீபாவளி லோடு போனதும் பட்டாசு வேலை ஓய்ந்துவிடும், தெருப் பெண்கள் சும்மா இருப்பார்கள், அவர்களை வைத்து நான் தைக்கிற மாதிரிப் போர்வை தைக்கலாமா என்று கேட்டார். "என்ன துணி, என்ன ஊசி, எம்புட்டு வாங்கணும், எல்லாம் எழுதி அனுப்புங்க. கதை எழுதாதீக."

மதினி, மன்னிக்கவும். கதையில்லாமல் எனக்கு ஊசி ஏறாது.

கதை இதுதான். செப்டம்பரில் காவியா ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போகவிருந்தாள். அவள் போவதற்குள் ஒரு போர்வை தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். "வேணாம்பா, ரூம்ல ஹீட்டர் இருக்கு" என்றாள். அவளுடைய அம்மா முத்துலட்சுமி நர்ஸ். காய்ச்சல், கஷாயம், சம்பளம் என்று கூடவே அனுப்ப அவளிடம் ஆயிரம் இருக்கிறது. மனைவியின் விசா வாலைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கிய என்னிடம் என்ன இருக்கிறது? என் மூக்கு ஒன்றுதான் சொத்து. அதை ஏற்கெனவே மகளுக்குக் கொடுத்தாயிற்று. இன்னும் அதற்கு அவள் என்னை மன்னிக்கவில்லை. ஆகவே போர்வை. அதை அவள் எடுத்துக்கொண்டு போகவேண்டும். போய், போர்த்தவும் வேண்டும். அந்த நினைப்பில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

2

முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். இங்கே இதற்குப் பெயர் கில்ட். மேலே சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டுப்போட்ட துணி, நடுவே பஞ்சு விரிப்பு, கீழே ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஊடே ஊடே தையல் ஓட்டினால் கில்ட். நல்ல துணியை வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடியும் ஒன்றாகத் தைப்பது என்று முத்துலட்சுமி சொல்வாள். "வேலை இல்லாதவுக கண்டுபிடிச்சது." உண்மைதான். அப்போது எனக்கு வேலை இல்லை.

வந்த புதிதில் வேலை வாய்ப்பு அலுவலகத்தில் ஓர் அம்மா கேட்டார்: "இதற்கு முன் என்ன வேலை?"

"வெட்டுவது" என்றேன் என் ஆங்கிலத்தில். "இருபது வருடம்."

அவர் நாற்காலியை மெல்லப் பின்னால் தள்ளினார். "அதற்கு முன்னால்?"

"வெடி."

எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் சில வருடங்கள் இருந்ததைத்தான் சொன்னேன். அவர் எழுந்துபோய்த் தம் மேலதிகாரியைக் கூட்டி வந்தார். பிறகு ஒருவழியாகக் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. அதற்குள் நூலகத்தின் செவ்வாய்க்கிழமைக் கில்ட் குழுவில் சேர்ந்துவிட்டேன். ஆங்கிலம் பழகலாம், ஹீட்டரும் இலவசம்.

அங்கேயிருந்த ஒரே ஆண் நான். குழுவை நடத்துகிறவர் ஷீலா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் ஊசி கோக்கும்போதும் ஸ்டாப்பிங்கில் ஏறத் தாமதிப்பவரைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் தலைகளை எண்ணினேன். ஒன்பது. பட்டாசு வேலை செய்தவனுக்கு ஓர் அறைக்கு நாலு பேர்தான் கணக்கு. ஐந்தாவது ஆள் வந்தால் கால் தானாக வெளியே போகும். மற்றப் பழக்கங்களும் அப்படியே கூட வந்திருந்தன. கதவைத் திறந்துவைப்பேன். கதவைப் பார்த்தே உட்காருவேன். எதையும் தரையில் இழுக்க மாட்டேன், தூக்கித்தான் வைப்பேன். நுழையும்முன் ஒரு உலோகத்தைத் தொடுவேன். ஊரில் உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கட்டும் என்று வாசலில் செம்புத் தகடு வைத்திருப்பார்கள். இங்கே ஹீட்டரைத் தொட்டேன். சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து எல்லோரும் மரியாதையாக மௌனம் காத்தார்கள்.

ஜனவரி மாதம். கதவு திறந்தே இருந்தது. ஷீலா எழுந்து மூடினார். நான் எழுந்து திறந்தேன். அவர் மூடினார்.

"வெளியே பனி பெய்கிறது, தெரிகிறதா?"

"தெரிகிறது. ஆனால் ஓட வேண்டி வந்தால்?"

"எதைக் கண்டு ஓட?"

மேஜையில் இருந்ததெல்லாம் துணி, நூல், பிஸ்கட். கடைசியில் கதவோரத்து நாற்காலி எனக்கு, கதவு மூடியே இருக்கும், பூட்டுவதில்லை என்று உடன்படிக்கை ஆனது. வீட்டில் அந்த உடன்படிக்கை கிடையாது. நான் எங்கே உட்கார்ந்தாலும் வாசல் தெரியவேண்டும். "அப்பா ஒரு கேங்ஸ்டர்" என்று காவியா தன் சிநேகிதிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

3

துணி. மதினி, பருத்தி மட்டும். பாலியஸ்டர் கலந்தது மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். இஸ்திரிக்கு மடங்காது, மடிப்பு நிற்காது. என் காரணம் வேறு. இங்கே முதல் குளிர்காலத்தில் விளக்கை அணைத்துவிட்டு நைலான் ஸ்வெட்டரைக் கழற்றினேன். சடசடவென்று நீலப்பொறி. அடுத்த நொடி நான் தோட்டத்தில் நின்றேன், பனியன் போடாமல். முத்துலட்சுமி கதவோரம் வந்து, "ஏங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகல. சட்டையப் போடுங்க, நிமோனியா வந்து நாந்தான் பாக்கணும்" என்றாள். அன்றோடு வீட்டில் செயற்கை இழைக்குத் தடை போட்டேன். நான் போட்ட தடை, ஆகவே யாரும் மதிக்கவில்லை.

பருத்திதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி பேப்பர் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடுகு மாதிரி உருளும். தீப்பெட்டிக்குப் பெயர்போன நம் சீமையில் இதைவிடச் சுலபமான பரிசோதனை கிடையாது. ஆனால் கடை வாசலில் செய்யாதீர்கள். நான் செய்தேன். துணிக்கடையில் ஒரு நூலை உருவிக்கொண்டு வெளியே வந்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக் குச்சியைக் கிழித்தேன். மேலாளர் ஓடி வந்தார். படிவம் ஒன்றை எடுத்து, நடந்தது, நடந்திருக்கக்கூடியது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்று மூன்று பத்தியாக எழுதிக்கொண்டார். துணி சுத்தமான பருத்தி. அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

வாங்கிய துணியை வெட்டுமுன் துவைத்துவிடுங்கள். சுருங்குவது முதலிலேயே சுருங்கட்டும். சுங்குடி, அதிலும் சிவப்பு, சாயம் விடும். ஈரத்தில் வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பார்த்து, கறை ஏறாத வரைக்கும் தனியாக அலசுங்கள். பனியன் துணி வேண்டாம், இழுத்த பக்கம் போகும். டெய்லர் கடைக் கட்பீஸ் நல்லது, ஆனால் ஒரே கனமாகப் பொறுக்குங்கள். நடுவே வைக்க நம் வெயிலுக்குக் கனமான பஞ்சு தேவையில்லை. பழைய பருத்திப் போர்வை போதும். சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கு நெய்கிற கட்டுத்துணியை நாலு மடிப்பாக வைத்தால் எப்படி வரும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. செய்து பார்த்துச் சொல்லுங்கள். கிழிந்தால் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

நூலும் பருத்தி. ஊசி பதினாலு நம்பர். ஒரு போர்வைக்கு ஒரு புது ஊசி. "உடையும் வரைக்கும் ஓட்டுவோம்" என்பீர்கள், தெரியும். ஓட்டாதீர்கள்.

4

கருவிகள். கத்தரியைவிட உருளைக் கத்தி மேல். கைப்பிடியில் சின்னச் சக்கரம், சக்கரம் முழுக்கக் கூர்மை. அதற்குக் கீழே ஒரு ரப்பர் பாய், மேலே கண்ணாடி போன்ற தடித்த அளவுகோல். அளவுகோலை அழுத்திப் பிடித்து, உடம்புக்கு எதிர்ப்பக்கமாக உருட்டவேண்டும். வெட்டி முடித்ததும் மூடியைத் தள்ளிவிட வேண்டும்.

எனக்கு இதில் ஒரு சிக்கல். அச்சகத்து மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை எங்கே இருக்கிறது என்று மெஷின் கேட்கிற கேள்வி அது. உருளைக் கத்தி அதைக் கேட்பதில்லை. வலது கை கத்தியைப் பிடித்தால் இடது கை மேஜையில் பொத்தானைத் தேடும். முதல் மாதம் என் இடது கட்டைவிரலில் எப்போதும் பிளாஸ்திரி இருந்தது. நர்ஸ் வீட்டில் அதற்கும் திட்டுதான் கிடைத்தது.

இஸ்திரிப் பெட்டி முக்கியம். ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி. ஆனால் தேய்க்கக் கூடாது. வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்கவேண்டும். இழுத்தால் துணி கோணிக்கொள்ளும், அதிலும் முக்கோணம் என்றால் கேட்கவே வேண்டாம். குழுவில் இதை முதல் நாளிலேயே சரியாகச் செய்தவன் நான் ஒருவன்தான். "எங்கே கற்றாய்?" என்றார் ஷீலா. இழுக்காதே, தூக்கி வை என்று கம்பெனியில் மேஸ்திரி கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்ல? "வீட்டில்" என்றேன்.

5

மாதிரி வடிவம். முதல் போர்வைக்கு வெறும் சதுரங்கள் போதும். நான் கேட்டேனா? காவியாவுக்கென்று முக்கோணங்களைச் சுற்றிவைத்துக் காற்றாடி போல் வரும் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். இவர்களுக்கு அது காற்றாடி. எனக்குத் தரைச்சக்கரம். சிவப்பு, மஞ்சள், ஊதா. அகலத்தில் பத்து, நீளத்தில் பன்னிரண்டு. சரியாகச் செய்தால் ஒவ்வொரு முனையும் ஊசி மாதிரிக் கூர்ந்து கட்டத்தின் ஓரத்தைத் தொடும்.

இனி வருவதை ஊன்றிப் படியுங்கள் மதினி, காசு செலவழித்துக் கற்ற பாடம். தைத்து முடித்தபின் கட்டம் ஆறு அங்குலம் இருக்கவேண்டும் என்றால், தைக்குமுன் ஆறரை இருக்கவேண்டும். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் மறைந்துபோகும். எந்தத் தையல்காரிக்கும் தெரிந்த விஷயம். அச்சகக்காரனுக்குத் தெரியாது. அச்சில் படம் கோட்டைத் தாண்டி வெளியே வழிந்திருக்கும். கோட்டில் வெட்டித் தள்ளினால் வேலை முடிந்தது. கோடுதான் கடைசி. அதற்கு அப்பால் இருப்பது எல்லாம் கழிவு.

நான் ஒவ்வொரு சக்கரத்தையும் தைத்து, இஸ்திரி வைத்து, ஆறு அங்குலக் கோட்டில் நறுக்கினேன். நூலிழை பிசகில்லை. அடுக்கிவைத்தால் புதுச் சீட்டுக்கட்டு. குழுவில் கைதட்டினார்கள். ஷீலாகூடத் தட்டினார். யாரும் அளவுகோல் வைத்துப் பார்க்கவில்லை; அவ்வளவு நேர்த்தியாக இருப்பது தப்பாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

வரிசைகளை எல்லாம் சேர்த்து முடித்த செவ்வாயன்று மேஜையில் விரித்தேன். ஷீலா குனிந்து ஒரு சக்கரத்தைத் தொட்டார்.

"முனைகள் எங்கே?"

ஒரு சக்கரத்துக்கும் முனை இல்லை. எல்லாம் மொட்டை. கட்டத்துக்கு அரை அங்குலம் வீதம், நீளவாக்கில் அரை அடி காணோம்.

"துணியைத் துவைத்தாயா?" என்றார் ஒருவர். துவைத்தேன். "இழுத்துத் தைத்தாயா?" இல்லை. ஷீலா குப்பைக் கூடையிலிருந்து நான் நறுக்கித் தள்ளிய வண்ண நாடாக்களை ஒரு கொத்தாக அள்ளி எடுத்தார். கால் அங்குல நாடாக்கள். "இதோ இருக்கிறது உன் மகளின் கால்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கதவைப் பார்த்தேன்.

6

அந்த வாரம்தான் காவியாவின் தேர்வு முடிவு வந்தது. கேட்ட இடம் கிடைத்துவிட்டது. முத்துலட்சுமி கேசரி கிண்டினாள். நான் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எதற்கென்று மறந்தது. துணிக்கடைக்குப் போனேன், அதே துணி தீர்ந்துவிட்டது, அதே மேலாளர் என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு வந்து போர்வையை முன்னறைத் தரையில் விரித்து, ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காவியா வந்தாள். அதன்மேல் மல்லாந்து படுத்தாள். ஐந்தடி ஒன்பது அங்குலம். உயரம் அம்மா வீட்டு வாகு. ஒரு ஓரத்தை இழுத்து உச்சந்தலைவரைக்கும் போர்த்தினாள். மறுமுனையில் இரண்டு பாதமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அப்பா, இது யாருக்கு? நாய்க்குட்டிக்கா?"

"கணக்கு கொஞ்சம் தப்பிருச்சு."

"கொஞ்சமா? என் ஃபீட் வேற கன்ட்ரியில இருக்கு."

"சாக்ஸ் போட்டுக்கோ" என்றேன்.

எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். தீர்ந்தது என்று நினைத்தேன். நான் அதை மடிக்கக் குனிந்தபோது படியில் இறங்கி வந்தாள். கையில் என் கைலி. பச்சையும் கருநீலமும் கட்டம் போட்டது, குப்பைத் தொட்டிக் கைலி.

"இத வெட்டி ஓரத்துல வை."

"ஏய், அது என் கைலிடி."

"தெரியும். காட்டன்தானே?"

"சுத்தக் காட்டன்."

"அப்ப வெட்டு. இனி நீ அதுல ரோட்டுக்குப் போக முடியாதுல்ல? ரெண்டு ப்ராப்ளமும் ஓவர்."

சமையலறையிலிருந்து முத்துலட்சுமி, "வெட்டுங்க வெட்டுங்க, நானும் எத்தனை நாளா அதத் தொலைக்க நெனைச்சேன்" என்றாள். என் வீட்டில் எனக்கு எதிராக மட்டும்தான் தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறும்.

கைலியின் மூட்டுத் தையலைப் பிரித்தேன். ஒரு நல்ல செய்தி, மதினி: கட்டம் போட்ட கைலியை வெட்ட அளவுகோலே வேண்டாம், கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். இந்தத் தடவை கோட்டுக்கு அப்பால் கால் அங்குலம் விட்டேன். நாலு பக்கமும் பட்டை வைத்ததும் நீளம் நிமிர்ந்தது. பிறகு பஞ்சு, அடித்துணி, மூன்றையும் சேர்த்துப் பெரிய பெரிய தற்காலிகத் தையல், அப்புறம் நடுவிலிருந்து வெளியே ஓட்டம். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் தொப்பை விழும். என் போர்வையில் ஓர் இடத்தில் தொப்பை இருக்கிறது. அது குடும்பச் சாயல்.

7

செப்டம்பரில் கொண்டுபோய் விட்டோம். விடுதி அறை நாரணாபுரத்து வீட்டின் குளியலறை அளவு. காவியா பைகளைப் பிரித்தாள். போர்வைப் பையை மட்டும் பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் தள்ளினாள். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்த்தாளா, தெரியாது. "கட்டிலைக் கொஞ்சம் நகத்தணும்பா, ஹெல்ப் பண்ணு" என்றாள். இழுக்கப் போனாள், தூக்கு என்றேன், இருவரும் தூக்கிவைத்தோம். கிளம்பி வரும்போது வழி நெடுக முத்துலட்சுமி அழுதாள். நான் இரண்டு இடத்தில் தப்பான சாலையில் திரும்பினேன்.

வாரக்கணக்கில் வீடியோவில் பேசினோம். அவளுக்குப் பின்னால் கட்டில் தெரியும். கட்டிலில் கடையில் வாங்கிய சாம்பல்நிற மெத்தைப் போர்வை. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "குளிருதா?" என்று மட்டும் கேட்பேன். "இல்லப்பா." போனை வைத்ததும் எழுந்து நடப்பேன். வீடு சின்னது, நடையும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும், போன் வந்தது. திறந்தால் காற்று, இரைச்சல், பின்னால் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம்.

"அப்பா, ஃபயர் அலாரம்!"

நான் இங்கே எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டேன். அந்தச் சத்தம் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு என்னவென்று மதினிக்குச் சொல்லவேண்டியதில்லை. "நீ எங்க நிக்க?"

"வெளிய. ரோட்ல. ஒண்ணுமில்லப்பா, எவனோ டோஸ்ட்டக் கருக்கிட்டான். தூங்கிட்டு இருந்தேன், அப்டியே வந்துட்டேன். பில்டிங்லயே நாந்தான் ஃபர்ஸ்ட்!"

"எப்படி ஃபர்ஸ்ட்டு?"

"கட்டில்தான் கதவுப் பக்கம் இருக்கே. அன்னைக்கு நீயும்தானே தூக்கின? கதவு தெரியலன்னா எனக்குத் தூக்கம் வராதுப்பா."

யாரும் அவளிடம் அப்படி இருக்கச் சொன்னதில்லை. நானும்தான்.

அப்போதுதான் அவள் போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். தோளிலிருந்து மொட்டைச் சக்கரங்கள் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக இறங்கின. அடியில், கெண்டைக்கால் பக்கம், பச்சைக் கட்டம் காற்றில் படபடத்தது. சுற்றிலும் பைஜாமாவோடு ஒரு பட்டாளம் நடுங்கிக்கொண்டு நின்றது.

"இது அலமாரியில இருந்ததுல்ல?"

"எப்பவோ எடுத்தாச்சு. கிரே கலர் மேல, இது உள்ள. அது சும்மாப்பா, இதுதான் சூடு."

போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பச்சைக் கட்டத்தைப் பார்த்தேன்.

"ஏன்டி, நடு ரோட்ல கைலியோட நிக்க. எல்லாரும் பாக்குறாங்க."

அவள் திரும்பிச் சுற்றும் முற்றும் பார்த்தாள். கைலி ஓரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"பாக்கட்டும்" என்றாள்.

மதினி, ஓரப்பட்டைக்கு எம்புட்டுத் துணி வாங்கவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு கைலி போதும். புதுசு வாங்காதீர்கள், கஞ்சி விறைப்பு இருக்கும், துவைத்தால் சுருங்கும். அண்ணன் உடுத்திப் பழசானதாகப் பார்த்து எடுங்கள். அவரிடம் கேட்கவேண்டாம்.